எஷிமா பாலம் நிஜமாகவே அவ்வளவு செங்குத்தா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்துவிடும். முன்னால் சாதாரணமாக ஒரு சாலை, அதன் முடிவில் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஒரு பாலம், அதில் பல்லி ஏறுவதுபோல நாலைந்து கார்களும் ஒரு லாரியும். கீழே "உலகத்திலேயே ஆபத்தான பாலம், ஜப்பான்" என்று யாரோ எழுதியிருப்பார்கள். நான் ஜப்பானில் இருக்கிறேன், அந்தப் பாலத்தில் கார் ஓட்டியும் இருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து பெரியப்பாவில் ஆரம்பித்துப் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே.

முதலில் இதைச் சொல்லுங்கள், அது நிஜப் பாலமா, கம்ப்யூட்டரில் செய்த படமா?

நிஜப் பாலம்தான். பெயர் எஷிமா ஓஹாஷி. ஓஹாஷி என்றால் பெரிய பாலம் என்று பொருள். ஜப்பானின் மேற்குப் பகுதியில், ஜப்பான் கடலை ஒட்டி, நகாஉமி என்ற உப்பங்கழி ஏரியின் குறுக்கே நிற்கிறது. ஒரு முனை ஷிமானே மாவட்டத்தின் மட்சுஎ நகரத்தைச் சேர்ந்த எஷிமா தீவு, மறுமுனை தொத்தோரி மாவட்டத்தின் சகாய்மினாத்தோ துறைமுக ஊர். 2004 அக்டோபரில் திறந்தார்கள். படமும் பொய் இல்லை, யாரும் இழுத்து நீட்டவில்லை. ஆனால் நம் கண்ணால் அங்கே போய் அப்படிப் பார்க்க முடியாது. அந்தக் கதை கீழே வருகிறது.

சரி, எவ்வளவு செங்குத்து? எண்ணில் சொல்லுங்கள்.

ஷிமானே பக்கம் 6.1 சதவீதம், தொத்தோரி பக்கம் 5.1 சதவீதம். அவ்வளவுதான். நூறு மீட்டர் முன்னால் போனால் ஆறு மீட்டரும் கொஞ்சமும் மேலே ஏறுகிறீர்கள். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சதவீதத்தைக் கோணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 45 டிகிரி சரிவு என்பது 100 சதவீதம். இந்தப் பாலத்தின் 6.1 சதவீதத்தைக் கோணமாக மாற்றினால் மூன்றரை டிகிரி தேறும். வீட்டில் பாகைமானி இருந்தால் மூன்றரை டிகிரிக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள், கோடு கோணலாகப் போய்விட்டதோ என்றுதான் தோன்றும், மலை ஞாபகம் வராது.

நமக்குத் தெரிந்த ஓர் அளவுகோல் வேண்டுமானால், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் வைத்து ஏறும் நீலகிரி ரயிலின் சரிவு 12 மீட்டருக்கு 1 மீட்டர், அதாவது 8.33 சதவீதம். ஒரு நீராவி ரயில் இதைவிட அதிகச் சரிவில் ஏறுகிறது. மால்களில் மாடிக்கு மாடி கார் ஏறும் சரிவுப் பாதை பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டும், அதில் நாம் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் பால்ட்வின் தெரு என்று ஒன்று இருக்கிறது, மனிதர்கள் குடியிருக்கும் சாதாரணத் தெரு, அதன் அதிகபட்சச் சரிவு ஏறக்குறைய 35 சதவீதம். அது செங்குத்து. இது ஒரு மேடு.

அப்படியென்றால் படத்தில் மட்டும் ஏன் சுவர் மாதிரி நிற்கிறது?

இதுதான் சுவாரஸ்யமான விஷயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தப் படத்தை எடுப்பவர் பாலத்தின் அடியில் நிற்பதில்லை. பாலத்துக்கு மேற்கே டைகோன்ஷிமா என்று இன்னொரு தீவு இருக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து, பாலத்துக்கு நேர்கோட்டில், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று பெரிய ஜூம் லென்ஸ் வைத்து எடுக்கிறார்கள். லென்ஸ்தான் மாயம் செய்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதி உண்மைதான். மாயத்தைச் செய்வது தூரம். லென்ஸ் அந்தத் தூரத்துத் துண்டை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. அதே இடத்தில் நின்று சாதாரண கேமராவில் எடுத்து, நடுவில் இருக்கும் சின்னத் துண்டை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் இதே சுவர்தான் தெரியும், என்ன, புள்ளி புள்ளியாகத் தெரியும்.

தூரம் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. பாலத்தின் உச்சி தண்ணீருக்கு மேலே கிட்டத்தட்ட 45 மீட்டர். 6.1 சதவீதத்தில் அந்த உயரத்துக்குப் போக 730 மீட்டர் நீளம் வேண்டும். பாலத்தின் அகலம் 11.4 மீட்டர். இப்போது நீங்கள் ஏற்றத்தின் அடியிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உச்சி உங்களிடமிருந்து 780 மீட்டர் தூரம், கண்ணுக்கு மூன்றே கால் டிகிரி உயரத்தில் தெரியும். சாலையின் அகலமோ அடியில் 13 டிகிரி, உச்சியில் ஒரு டிகிரிகூட இல்லை. அதாவது பக்கத்தில் அகலமாகத் தொடங்கித் தூரத்தில் ஊசி முனையாகக் குறுகுகிறது. அப்படிக் குறுகும் எதையும் நம் மூளை "தரையோடு தரையாகத் தூரத்துக்குப் போகும் சாலை" என்றுதான் படித்துப் பழகியிருக்கிறது.

இரண்டு கிலோமீட்டர் பின்னால் போய்விடுங்கள். இப்போது அடி 2,000 மீட்டர் தூரம், உச்சி 2,730 மீட்டர் தூரம். சாலையின் அகலம் அடியில் மூன்றில் ஒரு டிகிரி, உச்சியில் கால் டிகிரி. கிட்டத்தட்ட ஒரே அகலம்! உயரமோ ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஆக, மேலும் கீழும் ஏறக்குறைய சம அகலம் கொண்ட, அகலத்தைவிட மூன்று மடங்கு உயரமான ஒரு பட்டை. குறுகாமல் உயரமாக நிற்கும் பட்டையை மூளை எப்படிப் படிக்கும்? சுவர் என்றுதான். படத்தில் அந்தச் சாலையின் 730 மீட்டர் நீளம் முழுவதும் மடித்து வைத்த புடவை மாதிரி சுருங்கிப் போயிருக்கிறது, 45 மீட்டர் உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கையை நேராக நீட்டிச் சுண்டு விரலை நிமிர்த்துங்கள், அந்த நகத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. டைகோன்ஷிமாவில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தால் அந்தப் பயங்கரமான ஏற்றம் முழுவதும் உங்கள் சுண்டு விரல் நகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதை ஒரு முழுப் படமாக ஊதிப் பெரிதாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் ஊரிலேயே ஏதாவது நேரான மேம்பாலத்துக்கு முன்னால், போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று போனில் முழு ஜூம் வைத்துப் பாருங்கள். தினமும் ஸ்கூட்டரில் போகும் மேம்பாலம் எழுந்து நின்று முறைக்கும்.

இவ்வளவு பிரபலமானது எப்படி?

ஒரு கார் விளம்பரம். 2013இல் டைஹாட்சு நிறுவனம் தன் டான்ட்டோ காருக்கு எடுத்த தொலைக்காட்சி விளம்பரத்தில் இந்தக் கோணத்தில் பாலத்தைக் காட்டினார்கள். அதுவரை அது அந்த ஊர்க்காரர்கள் வேலைக்கும் கடைக்கும் போகும் பாலம். அதற்கு அப்புறம் "பெத்தாஃபுமி சாக்கா" என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு சேர்த்து மிதிக்க வேண்டிய ஏற்றம் என்று அர்த்தம். பிறகு இணையத்தில் ரோலர் கோஸ்டர் பாலம் என்று உலகம் முழுக்கச் சுற்ற ஆரம்பித்தது.

நிஜமாகவே ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்க வேண்டுமா? சின்னக் கார் ஏறுமா?

தேவையே இல்லை. நான் முதல்முறை ஓட்டிப் போனது வாடகைக்கு எடுத்த கெய் காரில். கெய் என்பது ஜப்பானின் குட்டிக் கார் வகை, இன்ஜின் 660 சிசிக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த விளம்பரத்தில் வந்ததும் அதே வகைதான். நாங்கள் நாலு பேர், பின்னால் பெட்டிகள், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றம் தொடங்கியதும் வேகம் லேசாகக் குறைந்தது, காலைக் கொஞ்சம் அழுத்தினேன், இன்ஜின் சத்தம் கூடியது, ஏறிவிட்டது.

அன்று முன் சீட்டில் அப்பா. அவர் மேட்டுப்பாளையம் கோத்தகிரி தடத்தில் வருஷக்கணக்கில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து அந்தப் பாலம் எப்போது வரும் என்று நச்சரித்தவர், பாலத்தில் ஏறிப் பாதி தூரம் போன பிறகும் அதையே கேட்டார். இதுதான்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மூணாவது கியரே போதுமேடா" என்றார், ஏமாந்த குரலில். ஆட்டோமேட்டிக் கார் என்று சொன்னேன், அது அவருக்கு இன்னும் பெரிய ஏமாற்றம்.

ஏன் அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள்?

கப்பல் போக. நகாஉமி ஏரி ஒரு கால்வாய் வழியாகக் கடலோடு சேர்கிறது, உள்ளே சரக்குக் கப்பல்கள் போய்வருகின்றன. 5,000 டன் கப்பல் அடியில் புகுந்து போகும் அளவுக்குப் பாலம் உயர வேண்டியிருந்தது.

முன்பு அந்த இடத்தில் நகாஉரா மதகு இருந்தது. ஏரியை நன்னீராக்கி நிலம் மீட்கும் பெரிய அரசுத் திட்டம் ஒன்றுக்காகக் கட்டிய மதகு. அதன் மேலேயே சாலை, கப்பல் வரும் இடத்தில் தூக்கும் பாலம். கப்பல் வந்தால் பாலத்தைத் தூக்குவார்கள், வண்டிகள் ஏழெட்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். நம் ரயில்வே கேட் அனுபவம்தான், ரயிலுக்குப் பதில் கப்பல். அதோடு 14 டன்னுக்கு மேல் உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை, அதாவது துறைமுக ஊரில் கனரக லாரி நேர்வழியில் போக முடியாது, ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு நாலாயிரம் வண்டிகள் போன வழி அது. 1997இல் புதுப் பாலத்தின் வேலையைத் தொடங்கி ஏழு வருஷத்தில் முடித்தார்கள். நிலம் மீட்கும் திட்டத்தைப் பாதியிலேயே கைவிட்டுவிட்டார்கள், அப்புறம் மதகையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். யாருக்காகக் கட்டினார்களோ அந்த லாரிக்காரர்கள்தான் இன்றும் அந்தப் பாலத்தின் முக்கிய வாடிக்கையாளர்கள், நாம் படம் எடுக்கப் போய் அவர்களுக்குக் குறுக்கே நிற்கிறோம்.

நீளமாகக் கட்டிச் சரிவைக் குறைத்திருக்கலாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 மீட்டர் உயரத்துக்கு 3 சதவீதத்தில் ஏறினால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 1,500 மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று கிலோமீட்டர். இப்போது இருக்கும் பாலம் மொத்தமே ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எஷிமா சின்னத் தீவு. பாலத்தை நீட்டிக்கொண்டே போனால் தீவுக்காரர்கள் வீட்டு வாசலிலிருந்து பாலத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான், ஏற முடியாது. சாலையில் 6 சதவீதம் என்பது லாரிக்கும் தாங்கும் சரிவு, அதனால் அதோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

நடுவில் தூண் இல்லாமல் அவ்வளவு உயரத்தில் எப்படி நிற்கிறது? பாரம் ஏறினால் ஆடாதா?

நடுக் கண்ணின், அதாவது நடுவில் இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள இடைவெளியின், அகலம் 250 மீட்டர். தொங்கு பாலம் மாதிரி கம்பி வடம் எதுவும் கிடையாது. சாதாரணப் பாலங்களில் தூணின் தலையில் பேரிங் வைத்து அதன் மேல் பாலத்தின் உடலை உட்கார வைப்பார்கள். இங்கே தூணும் மேல்தளமும் ஒரே கான்கிரீட் உடம்பு, தோளும் கையும் மாதிரி. உள்ளே எஃகு வடங்களை இழுத்து முடுக்கிய ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட். இந்த வகையில் ஜப்பானிலேயே பெரியது இதுதான், உலக அளவில் மூன்றாவது என்று சொல்வார்கள். காரில் போகும்போது ஆட்டம் எதுவும் நான் உணரவில்லை.

இறங்கும்போதுதானே பயம்? பிரேக் பிடிக்காவிட்டால்?

ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வேண்டும் என்பது சரிதான், இந்தப் பாலம் என்றில்லை, எந்த மேட்டுக்கும்.

நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, இறக்கம் வந்ததும் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு உருள விடுவது. செய்யாதீர்கள். இன்றைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் கிட்டத்தட்ட நின்றுவிடும், நியூட்ரலில்தான் வீணாக எரியும். 45 மீட்டர் உயரத்திலிருந்து காற்றுத் தடையும் டயர் உராய்வும் இல்லாமல் உருண்டால், நின்ற நிலையிலிருந்து தொடங்கினாலும் கீழே வரும்போது மணிக்கு 107 கி.மீ. வேகம் வரும் என்று பள்ளிக்கூட இயற்பியல் சொல்கிறது. நிஜத்தில் காற்றும் டயரும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், ஆனாலும் கண்ணுக்கு ஒன்றுமில்லாத சரிவு வேகத்தை எப்படிக் கூட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மூன்று டிகிரி இறக்கத்தில் வேகம் ஏறுவது உடம்புக்குத் தெரியாது, ஸ்பீடோமீட்டரில்தான் தெரியும்.

மேனுவல் கார் என்றால் மூன்றாவது கியர். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் நெம்புகோலில் "பி", "எஸ்", "எல்" என்று ஏதாவது ஒன்று இருக்கும் (இந்த "பி", பார்க்கிங்கின் "பி" இல்லை, இன்ஜின் பிரேக்குக்கானது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்), அதைப் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். அப்புறம் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். இறக்கம் ஒரு கிலோமீட்டர்கூட நீடிக்காது என்பதால் மலைப்பாதையில் மாதிரி பிரேக் சூடாகிச் செயலிழக்கும் அளவுக்கெல்லாம் போகாது.

ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டால்?

ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் காலை மாற்றுங்கள், கிளம்பிவிடும். மேனுவல் என்றால் ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், முதல் கியர், கிளட்சை மெல்ல விடுங்கள், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், அப்போது ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். 6 சதவீதத்துக்கு இதுவே தாராளம். கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தி வைக்காதீர்கள், கருகல் வாசனை வரும், அப்புறம் பணமும் கருகும்.

அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் படத்தில் தெரிவது அது இல்லை.

முதலாவது உச்சி. ஏறும்போது கடைசிச் சில விநாடிகள் முன்னால் சாலை தெரியாது, பானெட்டும் வானமும்தான். மறுபக்கம் ஒரு வண்டி நின்றிருக்கலாம், படம் எடுக்க யாராவது வேகத்தைக் குறைத்திருக்கலாம். அப்பா அந்த இடத்தில் தன் காலை, பிரேக் இல்லாத தன் பக்கத்தில், தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். "அந்தாண்ட என்ன இருக்குன்னு தெரியாத இடத்துல காலை எடுத்துடணும்" என்றார். நாற்பது வளைவுகளில் ஆயிரம் தடவை செய்த பழக்கம்.

இரண்டாவது காற்று. தண்ணீருக்கு மேலே 45 மீட்டர் உயரம், பக்கத்தில் கடல், தடுக்க ஒன்றுமில்லை. கெய் கார்கள் உயரமாகவும் ஒல்லியாகவும் எடை குறைவாகவும் இருக்கும், பக்கவாட்டுக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கில் ஓர் இழுப்பு தெரியும். பெரிய லாரி எதிரே கடக்கும்போது ஒரு நொடி காற்று நின்று மறுபடி அடிக்கும், அந்த நொடிக்குத் தயாராக இருங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வேகத்தைக் குறையுங்கள், இழுப்புக்குப் பதறி வெடுக்கென்று திருப்பாதீர்கள்.

மூன்றாவது குளிர்காலம். அந்தப் பகுதியில் பனி விழும். சாதாரணச் சாலைக்கு அடியில் மண் இருக்கிறது, அது கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று, அதனால் சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். ஊருக்குள் வெறும் ஈரமாக இருக்கும்போதே பாலத்தில் கண்ணாடி மாதிரி பனி இருக்கலாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை போவதாக இருந்தால் வாடகைக் காரில் பனி டயர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 6 சதவீதம் உலர்ந்த சாலையில் ஒன்றுமே இல்லை, பனியில் அது வேறு விஷயம்.

எனக்குப் பாலம் என்றாலே கை நடுங்கும். இதெல்லாம் படித்தும் பயம் போகவில்லை.

போகாது. கணக்கைக் கேட்டு அடங்கும் பயம் இல்லை அது. பாலங்களைக் கடக்கும் பயத்துக்குக் கெஃபைரோஃபோபியா என்று ஒரு பெயரே இருக்கிறது, உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் செசபீக் விரிகுடாப் பாலம் இருக்கிறது, 1952இல் முதல் பாலமும் 1973இல் பக்கத்திலேயே இரண்டாவதும் திறந்தார்கள், ஏழு கிலோமீட்டர் நீளம், தண்ணீருக்கு மேல் 57 மீட்டர் வரை இடைவெளி. அங்கே காசு வாங்கிக்கொண்டு உங்கள் காரை உங்களுக்குப் பதிலாக ஓட்டி அக்கரை சேர்க்கும் தனியார் ஆட்களே இருக்கிறார்கள், நீங்கள் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொள்ளலாம். வருஷக்கணக்காக அந்தத் தொழில் நடக்கிறதென்றால் வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் கொஞ்சம் உண்டு, செங்குத்துப் பயம் இல்லை, ஓரத்துப் பயம். எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். முதல்முறை ஓட்டாமல் பயணியாகப் போனேன், ஊர்ப் பேருந்திலோ டாக்ஸியிலோ ஒருமுறை போய்வந்தால் பாலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும், பாதி பயம் முடிவு தெரியாத பயம்தானே. ஓட்டும்போது முன்னால் ஒரு வண்டி இருந்தால் நல்லது, அதன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே போகலாம், பக்கவாட்டில் தண்ணீரைப் பார்க்க வேண்டாம். மூச்சை வெளியே விடுவதை நீளமாக்குங்கள். காரில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், "ஐயோ எவ்வளவு உயரம் பாரு" என்று கத்துவதற்கு ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் வாயை மட்டும் இரண்டு நிமிஷம் கட்டிவிடுங்கள். நடுவில் பயம் வந்தாலும் பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் பயம் குறையாது, பின்னால் வருபவர் இடிக்கும் வாய்ப்புதான் கூடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால்கூட மொத்தம் இரண்டே கால் நிமிஷத்தில் முடிந்துவிடும்.

மூச்சு அடைத்து, கை மரத்து, ஸ்டியரிங்கை விட்டுவிடுவோமோ என்ற அளவுக்கு வருகிறது என்றால் ஓட்டாதீர்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. பக்கத்து நகரமான யொனாகோ வழியாக ஏரியைச் சுற்றிக்கொண்டு போக ரோடு இருக்கிறது, நேரம் கூடுதலாகும் அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், சின்னப் பாலத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும்.

இதே மாதிரி கண்ணைக் கட்டும் பாலங்கள் வேறு இருக்கின்றனவா?

நார்வேயில் அட்லாண்டிக் சாலையில் ஸ்டோர்செய்சுண்டெட் பாலம், 1989இல் திறந்தது. ஒரு கோணத்தில் பார்த்தால் சாலை பாதியில் அறுந்து கடலில் விழுவது போலிருக்கும், உண்மையில் அது வளைந்து போகிறது, அந்தக் கோணத்தில் மறுபாதி மறைந்துவிடுகிறது. அந்தச் சாலையில் 8 சதவீதம் வரை சரிவு உண்டு, அதாவது எஷிமாவைவிட அதிகம். ஜப்பானுக்குள்ளேயே ஓசாகாவில் நமிஹாயா பாலத்தின் சரிவு 6.9 சதவீதம், அதுவும் எஷிமாவைத் தாண்டிவிடுகிறது. ஆனால் விளம்பரம் கிடைத்தது எஷிமாவுக்கு.

அந்தப் படத்தை நானும் எடுக்க வேண்டும். எங்கே நிற்பது?

டைகோன்ஷிமா பக்கம், பாலத்துக்கு நேராக வரும் சாலையின் ஓரத்தில். நடைபாதை இருக்கும் இடமாகப் பாருங்கள். சாலை நடுவில் போய் நிற்கிறவர்களைப் பார்த்தேன், நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள், சொல்ல வருத்தமாக இருக்கிறது. கேமரா கிழக்கே பார்க்கும் என்பதால் காலையில் வெயில் எதிரே அடிக்கும், மதியத்துக்கு மேல் போனால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம். கோடை வெயில் உச்சியில் தரையிலிருந்து அலையலையாகக் கானல் எழுந்து படம் கலங்கிவிடும்.

போனில் வருமா என்றால், இரண்டு கிலோமீட்டரிலிருந்து 10 மடங்கு ஜூமிலும் அந்த ஏற்றம் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். கேமராவில் 400, 600 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால்தான் அந்த வாட்ஸ்அப் படம் கிடைக்கும். போன் மட்டும்தான் என்றால் கொஞ்சம் கிட்டே வந்து எடுங்கள், சுவர் கொஞ்சம் சாயும், பரவாயில்லை. ஏற்றத்தில் வண்டிகள் வரும் வரை காத்திருங்கள், வண்டி இல்லாத வெறும் பாலத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

டோல் உண்டா?

கிடையாது.

இந்திய லைசென்ஸ் செல்லுமா?

தனியாகச் செல்லாது. ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள், 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான அனுமதியை ஜப்பான் ஏற்கிறது, இந்தியாவும் இலங்கையும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அசல் லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ஜப்பானிலும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் நமக்குத் தலைசுற்றல் இல்லை. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம், கார் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

அவ்வளவு தூரம் பாலத்துக்காக மட்டும் போகலாமா?

பாலத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், அப்பா மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவீர்கள். ஆனால் யொனாகோ விமான நிலையம் பக்கத்திலேயே, காரில் பத்து நிமிஷம். சகாய்மினாத்தோவில் நண்டு நன்றாக இருக்கும், பேய் பூதச் சித்திரக்கலைஞர் மிசுகி ஷிகெரு வளர்ந்த ஊர் என்பதால் ஒரு தெரு முழுக்க 170க்கும் மேற்பட்ட குட்டிக் குட்டி வெண்கலப் பேய்ச் சிலைகள் வைத்திருக்கிறார்கள், குழந்தைகள் விட்டு வர மாட்டார்கள். டைகோன்ஷிமாவில் பியோனிப் பூ பார்க்க ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது.

பாலத்தில் நடந்து போகலாமா?

போகலாம், நடைபாதை இருக்கிறது, சைக்கிளும் போகும். இன்னொரு முறை போனபோது நடந்தேன், காரில் போவதைவிட இதுதான் நன்றாக இருந்தது. வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து தென்கிழக்கே 1,729 மீட்டர் உயர டைசென் மலை தெரியும். கீழே தண்ணீரில்தான் இரண்டு மாவட்டங்களின் எல்லை. ஆனால் தொப்பி போட்டுக்கொண்டு போகாதீர்கள், என்னுடையது பறந்து ஷிமானேக்குப் போனதா தொத்தோரிக்குப் போனதா என்று தெரியவில்லை.